தண்ணீரின் மேல் போடும் பழி

தீவுப்பகுதி ஏன் இப்படி வெறுமையாகக் கிடக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அங்க தண்ணி இல்லை." கூரை இறங்கிப் பற்றை மூடிய புங்குடுதீவுக் கல்வீடுகளைப் பார்த்துவிட்டு வருபவர் இதைச் சொல்கிறார். ரொறன்ரோவில் ஊர்ச் சங்க மலருக்குக் கட்டுரை எழுதுபவரும் இதையே எழுதுகிறார். அபிவிருத்தி அறிக்கைகளின் முதற் பக்கத்திலும் இதே காரணம் உட்கார்ந்திருக்கிறது. சவர்த்தண்ணி, சுண்ணக்கல், வறண்ட மண், ஆகவே சனம் போய்விட்டது. போனது இயற்கையாக நடந்த ஒன்று. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு பொய் என்று சொல்ல வரவில்லை. நெடுந்தீவில் ஒரு கோடையைக் கழித்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். என் மறுப்பு வேறு: தட்டுப்பாடு பல நூறு ஆண்டுகளாக இருந்தது, சனமும் இருந்தது. தட்டுப்பாடு அப்படியே இருக்க, சனம் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கரைந்தது. மாறாத ஒன்றை மாற்றத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது. எது மாறியது என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் தண்ணீரையே பார்ப்போம். இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. அதனால் இரண்டும் அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. துலாவால் அளவாக அள்ளினால் மேற்படை அடுத்த மாரி வரை தாங்கும். பம்பு போட்டு உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். தீவில் வாழ்ந்தவர்களுக்கு இது பாடப்புத்தக அறிவாக வரவில்லை, கைப்பழக்கமாக வந்தது. எந்த இடத்தில் தோண்டலாம், எவ்வளவு ஆழம் போகலாம், எந்தக் கிணறு குடிக்க, எது குளிக்க, எது மாட்டுக்கு என்று ஊருக்கே ஒரு கணக்கு இருந்தது. நெடுந்தீவின் சாறாப்பிட்டிக் கிணறுகளும் வேலணைச் சாட்டிப் பக்கத்து நன்னீரும் அந்தக் கணக்கில் வந்தவை. குளமும் கேணியும் வெட்டி மாரித் தண்ணீரை மறித்தார்கள். கடல் ஏறாமல் வரம்பு கட்டினார்கள். வரகு, சாமை, குரக்கன், எள்ளு என்று தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிரை விதைத்தார்கள். பனை தண்ணீரே கேட்கவில்லை. நெடுந்தீவில் மாடு வளர்த்தார்கள். காணிக்குக் காணி கோறைக்கல்லை அடுக்கி வேலி வைத்தார்கள். அந்தக் கல்வேலிகளைப் பார்த்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அவற்றை அடுக்குவதற்கு எத்தனை தலைமுறையின் கைகள் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்தால், வாழ முடியாத நிலம் என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பிறகு கடல். இன்று வரைபடத்தில் தீவுகளைப் பார்ப்பவர்களுக்கு அவை நாட்டின் கடைசி ஓரமாகத் தெரிகின்றன. பாய்மரக் காலத்தில் அவை ஓரமாக இருக்கவில்லை. ஊர்காவற்றுறை வட இலங்கையின் வாசல். போர்த்துக்கேயர் காலத்தில் யானைகளைக் கப்பலேற்றிய துறை அது. அந்த வாசலைக் காக்கத்தான் நீருக்கு நடுவே கடற்கோட்டை எழுந்தது. நாகபட்டினம், தொண்டி, இராமேசுவரம் எல்லாம் கொழும்பைவிடக் கிட்டவாக இருந்தன. அரிசியும் ஓடும் துணியும் வந்திறங்கின. புகையிலையும் பனம்பொருளும் ஏறின. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் நெடுங்காலம் சந்தை இருந்தது. இந்தக் கடல்தான் தீவாருக்குச் சோறு போட்டது. கிணற்றில் சவர் இருந்தும் துறையில் தோணி இருந்ததால் சீவியம் நடந்தது.

இந்தக் கடலை மூடியது இயற்கை அல்ல. 1905இல் கொழும்பு–யாழ்ப்பாண ரயில் பாதை முழுமையானபோது வர்த்தகத்தின் முகம் வடக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பியது. 1948க்குப் பிறகு பாக்கு நீரிணையின் நடுவே இரண்டு நாடுகளின் எல்லை விழுந்தது. கடவுச்சீட்டு, விசா, இறக்குமதிக் கட்டுப்பாடு, கள்ளக்குடியேற்றத் தடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதுவரை வியாபாரமாக இருந்தது ஒரே இரவில் கடத்தலாகியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. ஒரு துறைமுக ஊரிடமிருந்து அதன் கடலை எடுத்துவிட்டுக் கிணற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது நியாயமான கணக்கு ஆகாது.

கடல் மூடத் தொடங்கியபோது தீவார் என்ன செய்தார்கள்? தெற்கே போனார்கள். இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் சிங்கள நாட்டுப்புறத்துச் சந்திகளிலும் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் சுருட்டுக் கடையும் போட்டதை, ஊரை விட்டு ஓடிய கதையின் முதல் அத்தியாயமாக எழுதுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. ஊரில் தொடர்ந்து வாழ்வதற்காகவே அவர்கள் கடைக்குப் போனார்கள். முதலாளி கடையில், மனைவி மக்கள் ஊரில். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் மாமனின் கடைக்கு உதவியாளாகப் போய், வியாபாரம் பழகி, தானே கடை வைத்து, சித்திரைக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் ஊர் வந்தான். தெற்கில் உழைத்த காசு தீவில் கல்வீடாக எழுந்தது, தேராக ஓடியது, பள்ளிக்கூடமாக நின்றது. புங்குடுதீவை வேலணையோடு இணைத்த தாம்போதிக்கும் அந்த ஊர்க்காரரின் விடாப்பிடியான முயற்சிதான் காரணம். இன்றும் அது வாணர் தாம்போதி என்றே சொல்லப்படுகிறது. தண்ணீர் இல்லை என்று ஊரை வெறுத்தவர்கள் கடலுக்கு நடுவே பாதை கேட்டுப் போராடுவார்களா? விட்டுப் போக நினைப்பவன் வீட்டுக்கு அத்திவாரம் போடுவானா?

ஊரில் இருந்து வெளியே போன எல்லாப் போக்கையும் ஒரே சொல்லால் அழைப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. திரும்பி வரும் போக்கு ஒன்று, திரும்பாத போக்கு இன்னொன்று. முதலாவது தீவை வளர்த்தது. அது எப்போது இரண்டாவதாக மாறியது என்பதே கேள்வி. அதற்குத் திகதி உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அரச உத்தியோகத்தின் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1958இல் தெற்கில் தமிழரின் கடைகள் எரிந்தன. 1977இல் மறுபடி எரிந்தன. 1983 ஜூலையில் எரிந்தவை பெரும்பாலும் மீளவேயில்லை. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் எரிந்த கடைகளை நினைக்கும்போது நாம் கொழும்பைத்தான் நினைக்கிறோம். ஒவ்வொரு கடையின் பின்னாலும் தீவில் ஒரு வீடு அதன் வருமானத்தில் உலை வைத்தது என்பதை மறந்துவிடுகிறோம். கொழும்பில் வைத்த நெருப்பு புங்குடுதீவின் அடுப்பை அணைத்தது. அந்த முதலாளிகளின் பிள்ளைகள் அடுத்த கடையைத் தேடித் தெற்கே போகவில்லை. விமானமேறிப் பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். அங்கிருந்து சித்திரைக்கு ஊர் வர முடியாது.

இதில் நாங்கள் தனித்த பிறவிகள் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களிலிருந்து மக்கள் புறநகருக்குப் பெருகிப் போனதையும் நெடுங்காலம் இப்படித்தான் விளக்கினார்கள்: அமெரிக்கனுக்குப் புல்தரையும் காரும் பிடிக்கும், ஆகவே போனான். 1934இல் அமைந்த கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம் யாருடைய கடனுக்கு உத்தரவாதம் தருவது, எந்தத் தெருவுக்குத் தருவதில்லை என்று நிறம் பார்த்துக் கோடு போட்டதும், 1944ஆம் ஆண்டுச் சட்டம் போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்ததும், 1956ஆம் ஆண்டுச் சட்டம் அரச பணத்தில் நெடுஞ்சாலைகளை விரித்ததும் பின்னால்தான் பேசப்பட்டன. லெவிற்டவுன் என்ற புறநகரில் வரிசையாக வீடு கட்டி விற்றபோது கறுப்பினத்தவருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டதும் அப்படித்தான். மக்கள் விரும்பிப் போனார்கள் என்பதில் பொய்யில்லை. எந்தப் பக்கம் விரும்பலாம் என்பதை அரசின் காசும் அரசின் சட்டமும் முன்பே தீர்மானித்திருந்தன. அங்கே அரசு கடனுக்கு உத்தரவாதம் தந்து கூட்டிப் போனது. இங்கே கடையை எரிய விட்டுத் துரத்தியது. இரண்டு இடத்திலும் முடிவில் பழி மக்களின் ஆசைமேலும் மண்ணின் குணத்தின் மேலும் விழுந்தது.

நம்முடைய புறநகர்க் கதையும் ஒன்று உண்டு. தீவார் யாழ்ப்பாண நகரத்தின் ஓரங்களில், கொக்குவில், திருநெல்வேலி, ஆனைக்கோட்டைப் பக்கங்களில் காணி வாங்கி வீடு கட்டியது போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. மகளுக்குச் சீதனமாக நகரத்து வீடு கேட்டார்கள். மகனுக்கு நகரத்துக் கல்லூரி வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை அண்டி எழுந்த குடியேற்றங்களுக்கு நெடுந்தீவாரும் போனார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இதிலும் தண்ணீரைத் தேடி எடுக்க நெடுநேரம் வேண்டும். உயர்வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் எங்கே இருந்தார், பல்கலைக்கழக அனுமதி எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து கிடைத்தது, அரசு காணியை எங்கே பகிர்ந்து கொடுத்தது என்பவைதான் ஆளை இழுத்தன. வேலணைக் கிணற்று நீர் சவர் என்பதால் எவரும் கொக்குவிலில் பரப்புக் காணி வாங்கவில்லை.

இனி 1990. அந்த ஆண்டு ஆகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டையில் முற்றுகைக்குள் இருந்த படையினரை மீட்க அரச படைகள் ஊர்காவற்றுறையில் இறங்கி மண்டைதீவு வரை வந்தன. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களின் தாய்மார் இன்றும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1991இல் புங்குடுதீவும் படையினர் வசமானது. சனம் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் கடல் கடந்தது. அதற்கு முன்பே, 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தப் படகுக்குப் பிறகு நெடுந்தீவிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்திடம் போய், உங்கள் ஊரில் தண்ணீர் போதாதாமே என்று கேட்க யாருக்கு மனம் வரும்? ஆனால் கட்டுரைகளில் அப்படித்தான் எழுதப்படுகிறது.

சனம் போனபின் தண்ணீருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே காரணமும் விளைவும் தலைகீழாக்கப்பட்டிருக்கின்றன. இறைக்கப்படாத கிணறு தூர்ந்து போகும். துப்பரவாக்காத கேணியில் சேறு ஏறும். கவனிப்பாரற்ற வரம்பு உடைந்து கடல் வயலுக்குள் வரும். மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பக்கத்து மணல் மேடுகள் மழையை வடித்து நல்ல தண்ணீராகத் தேக்கி வைப்பவை. அந்த மணல் வெட்டி ஏற்றப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து வந்து பார்ப்பவர் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்து, "அதுதான் சனம் போயிருக்கு" என்கிறார். சனம் போனதால் நீர் கெட்டது. நீர் கெட்டதால் சனம் போனது என்று எழுதி முடிப்பது கொல்லப்பட்டவனின் உடலைக் காட்டி அவன் நோயாளி என்று சாட்சி சொல்வது போன்றது.

இதை எழுதும்போது நம் பக்கத்துக் கணக்கையும் திறந்துதான் ஆகவேண்டும். தீவில் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லாமல் இருக்கவில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசாரால் அடிக்கப்பட்டார். 1973இல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்தார். கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. அள்ளும் உரிமைதான் இருக்கவில்லை. தண்ணியில்லாத தீவு என்று இன்று சொல்பவர்கள், அன்று யாருக்குத் தண்ணீர் இல்லாமற் செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போனவர்களில் பெரும்பாலோர் காணியும் கடையும் உறவும் உடையவர்கள். தங்கியவர்களிலும் மீண்டு வந்தவர்களிலும் காணியில்லாதவர்கள், கடற்றொழிலாளர்கள், கூலிவேலை செய்பவர்கள் கணிசமானோர். தண்ணீர்தான் ஆளை விரட்டியது என்றால், கிணறே இல்லாதவன் முதலில் போயிருக்க வேண்டும். அவன்தான் கடைசிவரை இருக்கிறான்.

போர் 2009இல் முடிந்துவிட்டது, இன்னும் ஏன் வரவில்லை, அப்படியானால் மண்தானே காரணம் என்று கேட்பவர்கள் உண்டு. இருப்பதிலேயே வலுவான எதிர்வாதம் இதுதான். ஆகவே இதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் ஆளில்லாத வீட்டில் கதவும் நிலையும் ஓடும் மிஞ்சுவதில்லை. காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். உரித்துடைய பிள்ளைகள் மூன்று நான்கு நாடுகளில் இருப்பார்கள். ஒருவர் ஒப்பமிடாவிட்டால் பங்கு பிரியாது. இதற்கு மேலே கடற்படை முகாம்களுக்கென்று மண்டைதீவு முதலான இடங்களில் தனியார் காணியை அளக்க வருகிறார்கள். மக்கள் திரண்டு போய் மறிக்கிறார்கள். கடலிலோ, தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் வந்தது, ஆனால் நெடுந்தீவுக் கடலில் அறுந்த வலைக்கு அந்தச் சட்டம் இழை கோத்துத் தரவில்லை. நெடுந்தீவில் இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் படகுக்கு ஆள் தேட வேண்டும். காற்று எழும்பினால் அதுவும் இல்லை. 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் ஏறத்தாழ 4,000 பேர் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டால் படகு, வைத்தியர், ஆசிரியர் என்று வரிசையாகச் சொல்வார்கள். தண்ணீரும் வரிசையில் உண்டு. அது மட்டும்தான் வரிசை என்பது வெளியே இருப்பவர்களின் கண்டுபிடிப்பு.

நயினாதீவைப் பாருங்கள். நெடுந்தீவின் பத்திலொரு பங்குகூட இல்லாத சின்னத் தீவு, அதே சுண்ணக்கல், அதே சவர். அங்கிருந்தும் சனம் போனது. ஆயினும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன, கடைகள் திறந்திருக்கின்றன. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் யாத்திரிகர் வருவதால் குறிகட்டுவானிலிருந்து நாள் முழுவதும் படகு ஓடுகிறது. படகு ஓடும் தீவில் சீவியம் ஓடுகிறது. நயினாதீவின் நிலத்தடி நீர் நெடுந்தீவினதைவிட மேலானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வித்தியாசம் துறையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எண்ணிச் சொல்லக்கூடிய சில பயணங்களை மட்டும் நம்பி இருக்கும் நெடுந்தீவுக்கு அதே எண்ணிக்கைப் படகைக் கொடுத்துப் பார்த்த பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசலாம்.

வெளிநாட்டு மோகம் என்று இன்னொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு. அதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. மோகம் உலகில் எல்லா ஊரிலும் உண்டு. எல்லா ஊரும் காலியாகவில்லை.

இந்தத் தீவுகளுக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்கள் 2021இல் நடந்ததை நினைவுகொள்ள வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றிலும் சூரிய ஒளியிலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. ஆண்டின் இறுதியில் சீனா விலகியது. 2022இல் இந்தியா தன் நன்கொடையில் அதைச் செய்ய ஒப்பந்தம் செய்தது. தீவின் காற்றையும் வெயிலையும் இரண்டு வல்லரசுகள் போட்டிபோட்டுக் கணக்கெடுத்திருக்கின்றன. கடலட்டைப் பண்ணைகளுக்குத் தீவுகளின் கரைக்கடல் பங்கு போடப்படுகிறது. முகாமுக்கு அளக்க நில அளவையாளர் வருகிறார்கள். இவர்களில் எவரும் தண்ணீர் இல்லை என்று திரும்பிப் போகவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் குடாநாட்டின் தாழையடியில் இயங்கத் தொடங்கியிருக்கிறது. நெடுந்தீவிலும் சிறிய சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. தண்ணீர் இப்போது பொறியியலாளரும் திறைசேரியும் தீர்க்கக்கூடிய வேலை. அந்த வேலையை இன்னும் முடிக்காதவர்களே ஊர் காலியானதற்கு அதைக் காரணமாகவும் காட்டுகிறார்கள்.

ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை புங்குடுதீவில் குடியிருக்க வரும் என்று நான் எழுதவில்லை. அந்த நம்பிக்கையை விற்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருக்கும் வேலணைக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். உறுதியைத் தொலைத்துவிட்டுப் பிரதேச செயலக வாசலில் காத்திருக்கும் மண்டைதீவுக் கிழவியைப் பற்றியும், பிள்ளையின் உயர்வகுப்புக்காக மட்டும் நெடுந்தீவை விட்டு வர வேண்டியிருக்கும் மீனவனைப் பற்றியும் எழுதுகிறேன். இவர்களிடம் உங்கள் ஊரில் தண்ணீர் இல்லை என்று சொல்பவர், அந்தக் காணியைக் கடற்படை எதற்கு அளக்கிறது என்பதற்கும் பதில் வைத்துக்கொண்டு வரட்டும்.